டிஆர்என்ஏ-வை மாற்றியும் முழுப் புரதம் வரவில்லை, உதவுங்கள்

கோடான்பித்தன்:
பச்சை ஒளிர் புரதத்தின் 150ஆம் இடத்தில் யுஏஜி (சங்கிலியை முடிக்கச் சொல்லும் நிறுத்தக் கோடான்) வைத்து, அங்கே போக்-லைசின் என்ற செயற்கை அமினோ அமிலத்தை நுழைக்கப் பார்க்கிறேன். ஈ.கோலை பிஎல்21 பாக்டீரியா, பைரோலைசின் டிஆர்என்ஏ (ரைபோசோமுக்கு அமினோ அமிலம் சுமந்து வரும் மூலக்கூறு)–சிந்தடேஸ் இணை, அதைத் தாங்கும் பி-இவால் பிளாஸ்மிட். புரதத்தைப் பிரித்தெடுக்கும் நிக்கல் பத்திக்குப் பிறகு ஜெல்லில் 27 கிலோடால்டனில் (முழுப் புரதம்) நூல்போல ஒரு பட்டை, 17க்கு அருகே (150இல் அறுந்த துண்டு) தடித்த பட்டை. போக்-லைசின் சேர்க்காத குடுவையில் 27 அறவே இல்லை. டிஆர்என்ஏ-வில் இஎஃப்-டியு (அதை ரைபோசோமில் கொண்டுசேர்க்கும் புரதம்) பற்றிக்கொள்ளும் தண்டில் இரண்டு காரங்களையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். மூன்று வாரம் வீண்.

பழைய பிப்பெட்:
டிஆர்என்ஏ மீது பழி போடுமுன் அதில் அமினோ அமிலத்தை ஏற்றிவிடும் சிந்தடேஸைப் பாருங்கள். வெறுங்கையோடு வரும் டிஆர்என்ஏ-வால் என்ன பயன்? யுஏஜி-யில் விடுவிப்புக் காரணி 1 எப்போதும் காத்திருக்கிறது. சுமையுள்ள டிஆர்என்ஏ வரத் தாமதித்தால் அது சங்கிலியை விடுவித்துவிடும். ஊடகத்தில் என்னென்ன இருக்கின்றன?

கோடான்பித்தன்:
எல்பி குழம்பு, சிந்தடேஸைத் தூண்ட 0.02% அராபினோஸ், பச்சைப் புரத மரபணுவைத் தூண்ட ஐபிடிஜி. அந்த மரபணுவின் டி7 ஊக்கி (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) முன்கூட்டியே கசிவதைத் தடுக்க 1% குளுக்கோஸ்.

பழைய பிப்பெட்:
அகப்பட்டது! பி-இவாலில் சிந்தடேஸ் இரண்டு பிரதிகள். ஒன்று எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும். உங்கள் நூல் பட்டை அதன் புண்ணியம். மற்றொன்று அராபினோஸ் ஊக்கியில் இருக்கிறது, அதைக் குளுக்கோஸ் அடக்கிவிடும். பச்சைப் புரத மரபணுவைப் படிக்கும் டி7 பாலிமரேஸை நடத்தும் லாக்யுவி5 ஊக்கி குளுக்கோஸுக்கு அவ்வளவாக அஞ்சாது. அதனால்தான் குட்டைப் பட்டை மட்டும் கொழுத்திருக்கிறது. குளுக்கோஸை முதல் நாள் இரவு வளர்ப்போடு நிறுத்தி, செல்களைக் கழுவி, புது ஊடகத்தில் விடுங்கள். அராபினோஸ் முதலில், ஐபிடிஜி அரை மணி நேரம் கழித்து.

ஜெல்லடிமை:
ஹிஸ் வால் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் தொடர்) எந்த முனையில்? புரதம் தொடங்கும் என்-முனையில் இருந்தால் அறுந்த துண்டும் பத்தியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். முடியும் சி-முனைக்கு மாற்றினால் முழு நீளம் மட்டுமே ஒட்டும். (இதில் நானும் ஒரு பருவம் தொலைத்தேன்.)

கோடான்பித்தன்:
என்-முனைதான். குளுக்கோஸை நிறுத்திவிட்டேன், குடுவையே பச்சையாக ஒளிர்கிறது. 27 இப்போது 17க்குச் சமம். இனி காரணி 1-ஐயே நீக்கிய வகைக்கு மாறலாமா?

பழைய பிப்பெட்:
2013இல் வெளியான சி321 வகையில் 321 யுஏஜி-களையும் யுஏஏ (வேறொரு நிறுத்தக் கோடான்) ஆக்கி, காரணி 1-ஐ நீக்கியிருக்கிறார்கள். ஆனால் அதில் டி7 பாலிமரேஸ் கிடையாது. உங்கள் மரபணுவை வேறு ஊக்கிக்கு மாற்ற வேண்டியிருக்கும். முதலில் வாலை மாற்றுங்கள். அந்தத் தண்டு மாற்றங்களையும் பழைய டிஆர்என்ஏ-வோடு மறுபடி ஒப்பிடுங்கள், சிந்தடேஸ் பட்டினி கிடந்தபோது எடுத்த முடிவு செல்லாது.