சிங்கிள்டிஸ்பாட்ச்: இரண்டு ஏபிசி மோதினால் என்ன வழி?

வணக்கம். பைதான் 3.4-இல் பெப் 443 (பைதான் மேம்பாட்டு முன்மொழிவு) வழியாக ஃபங்டூல்ஸ் மாட்யூலில் வந்த சிங்கிள்டிஸ்பாட்சை (முதல் ஆர்க்யுமென்ட்டின் டைப்பைப் பார்த்து எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது என்று தேர்வது) வைத்து ஒரு சீரியலைசர் (ஆப்ஜெக்டைச் சேமிக்கவோ அனுப்பவோ ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவது) எழுதுகிறேன். சைஸ்டு (லென் மெத்தட் உள்ளவை), இட்டரபிள் (இட்டர் மெத்தட் உள்ளவை) என்ற இரண்டு ஏபிசிகளுக்கும் (அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ்: எந்த மெத்தட்கள் வேண்டும் என்று சொல்லும் கிளாஸ்) தனித்தனி ஃபங்ஷன் ரெஜிஸ்டர் செய்திருக்கிறேன். வேறொரு லைப்ரரியின் கிளாஸில் லென், இட்டர் மெத்தட்கள் மட்டும் உண்டு; எந்த ஏபிசியையும் இன்ஹெரிட் செய்யவில்லை. ரெஜிஸ்டர் செய்யும்போது சத்தமே இல்லை, கூப்பிடும்போதுதான் 'ஆம்பிகுவஸ் டிஸ்பாட்ச்' என்று ரன்டைம்எரர். இரண்டு ஏபிசியும் அந்த கிளாஸின் எம்ஆர்ஓவில் (மெத்தட்களைத் தேடும் கிளாஸ் வரிசை) இல்லாததால் எது முந்தி என்று சிங்கிள்டிஸ்பாட்சுக்குத் தெரியாது. ஊகிக்காமல் நிற்பது சரிதான்.

சைஸ்டு, இட்டரபிள், கன்டெய்னர் மூன்றையும் இன்ஹெரிட் செய்யும் கலெக்‌ஷன் ஏபிசியை ரெஜிஸ்டர் செய்தால் கன்டெய்ன்ஸ் மெத்தடும் உள்ள கிளாஸ்கள் தப்பிக்கின்றன, இது தப்பவில்லை. இந்த கிளாஸை மட்டும் நேரடியாக ரெஜிஸ்டர் செய்தால் வேலை செய்கிறது. ஆனால் இப்படிப் பல கிளாஸ்கள் இருக்கின்றன. சப்கிளாஸ்ஹுக் (இன்ஹெரிட் செய்யாத கிளாஸையும் சப்கிளாஸாக ஏற்பதா என்று ஏபிசி முடிவு செய்யும் மெத்தட்) வைத்து, சைஸ்டு, இட்டரபிள் இரண்டையும் இன்ஹெரிட் செய்யும் சொந்த ஏபிசி எழுதலாமா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.