4கே, 8கே எடிட்டிங்: கோர் அதிகமுள்ள கிராபிக்ஸ் கார்டா, மெமரி அதிகமுள்ள கார்டா?

நிழல்மேடை:
வணக்கம் நண்பர்களே. நடன நிகழ்ச்சிகளை எடிட் செய்கிறேன். சோனி ஏ7 ஃபோரில் 4கே, தோழியின் கேனன் ஆர்5-ல் 8கே. இரண்டுமே எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10-பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாகப் பதியும் வடிவம்). மென்பொருள் டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ. கம்ப்யூட்டரில் ரைசன் 7 5800எக்ஸ், 64 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் பவர் சப்ளை.

பிளே அழுத்தினால் கொஞ்சம் ஓடி, திக்கி, நின்றுவிடுகிறது. பாதம் தரையில் படும் ஃபிரேமும் தாளம் விழும் இடமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் நான் வெட்டுவேன். இப்போது அதைப் பார்க்கவே முடியவில்லை. மேடையில் வெளிச்சம் குறைவு, அதனால் படத்தில் வரும் புள்ளி இரைச்சலை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லாமல் முடியாது. அதைப் போட்டாலோ ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வருகிறது.

ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் செகண்ட் ஹேண்டில் ஒன்று கிடைக்கிறது. 5060 டிஐ 16 ஜிபியையும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?

ரெண்டர்ராஜா:
யோசிக்காமல் 4070 சூப்பரை எடுங்க. அதில் 7168 கூடா கோர் (கார்டில் கணக்குப் போடும் சிறு அலகு), 5060 டிஐ-யில் 4608தான். நிறத் திருத்தத்தில், அதாவது கிரேடிங்கில், வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வண்ணத்தச்சன்:
கோர் கணக்கு சரி. ஆனால் இவங்க டைம்லைன் திக்குவதற்குக் காரணம் கோர் இல்லை.

ஒரு சோதனை செய்யுங்க. ஒரு கிளிப்பை எந்த எஃபெக்டும் இல்லாமல் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறங்க. அங்கே ‘வீடியோ டிகோட்’ என்று ஒரு வரைபடம் இருக்கும்; சுருக்கிய வீடியோவை விரித்துப் படமாக்கும் வேலையில் கார்டின் பங்கை அது காட்டும். அது அசையாமல் கிடந்து, சிபியு மட்டும் உச்சத்தில் நின்றால் விஷயம் தெளிவு: கார்டு அந்த ஃபைலைத் தொடவே இல்லை. என்விடியாவில் 4:2:2-ஐ ஹார்டுவேரிலேயே டிகோட் செய்யும் வசதி 2025-ல் வந்த 50 வரிசையில்தான் (5060 டிஐ இதில் ஒன்று) தொடங்கியது. 4070 சூப்பர் மட்டுமில்லை, 4090-க்கும் அது கிடையாது. இன்டெலில் குயிக் சிங்க் (சிபியுவுக்குள் இருக்கும் கிராபிக்ஸின் வீடியோ வசதி) உள்ள 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியுவும் அதற்குப் பின் வந்தவையும் எச்.265 4:2:2-ஐச் சமாளிக்கும். உங்க 5800எக்ஸில் உள்கட்டமைந்த கிராபிக்ஸே இல்லையே, அதனால் மொத்தப் பாரமும் சிபியு தலையில் விழுகிறது.

மெமரி தனிப் பிரச்சினை. 8கே ஃபிரேம் ஒன்றில் 7680 × 4320, அதாவது சுமார் 3.3 கோடி பிக்சல். ரிசால்வ் 32-பிட் ஃப்ளோட்டில் (தசமத் துல்லிய எண்களில்) கணக்குப் போடுகிறது. நான்கு சேனலுக்கு (மூன்று நிறம், ஒரு ஒளிபுகு அளவு) ஒரு பிக்சலுக்கு 16 பைட் வைத்தால், ஒரே ஃபிரேம் சுமார் 530 எம்பி. டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு ஃபிரேமையும் சேர்த்துப் பார்த்தால் அதற்கே 2.6 ஜிபி போய்விடும். அசைவைக் கணிப்பதற்கும் மற்ற நோட்களுக்கும் (திருத்தப் படிகளுக்கும்) வேண்டியது தனி. உங்க 6 ஜிபி எப்படித் தாங்கும்? 4070 சூப்பரின் 12 ஜிபி கூட 8கே-வில் சீக்கிரம் நெருக்கடிக்கு வந்துவிடும்.

என் ஓட்டு 5060 டிஐ 16 ஜிபிக்குத்தான். அதே பெயரில் 8 ஜிபியும் விற்கிறார்கள், பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்க. நாய்ஸ் ரிடக்‌ஷன் ரெண்டர் ஆக 4070 சூப்பரை விட நேரம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ரெண்டருக்குக் காத்திருக்கலாம், தாளம் பார்த்து வெட்டும் நேரத்தில் படம் திக்கினால் வேலையே நடக்காது.

நிழல்மேடை:
பார்த்துவிட்டேன் அண்ணா. டிகோட் வரைபடம் பூஜ்ஜியத்தில் கிடக்கிறது, சிபியு 100-ஐத் தொடுகிறது! கொஞ்சம் கூடப் போட்டு 5070 வாங்கினால்?

வண்ணத்தச்சன்:
அதுவும் 4:2:2-ஐ டிகோட் செய்யும், வேகமும் கூடுதல். ஆனால் மெமரி 12 ஜிபிதான். 16 ஜிபியும் வேகமும் சேர்ந்து வேண்டுமென்றால் 5070 டிஐ. அதற்கு என்விடியா 750 வாட் பவர் சப்ளை சொல்கிறது, அதையும் மாற்ற வேண்டிவரும். 5060 டிஐ 180 வாட்தான், உங்க 650 தாராளம்.

சட்டகம்:
கார்டு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ரிசால்வின் மீடியா பூலில் கிளிப்களைத் தேர்ந்தெடுத்து, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்ற வடிவத்தில் பாதி அளவுக்கு ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் இலகுவான நகல்) போட்டுவிடுங்க. ஃபைல் சைஸ் பெரிதாகத்தான் வரும், தனி எஸ்எஸ்டி இருந்தால் நல்லது. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருப்பதால் பின்னோக்கி இழுத்தாலும் தடங்காது. இப்போதைக்கு டைம்லைனையும் 4கே-வில் வையுங்க, மெமரி பாரம் இறங்கும். புது கார்டு போட்டதும் டிரைவரையும் ரிசால்வையும் புதுப்பித்துவிட்டு, அதே டிகோட் வரைபடத்தைத் திரும்பப் பாருங்க.