ராக் இசைக்கலைஞன் படத்துக்கு என்ன பெயர் வைக்கலாம்?

கேள்வி: ஏற்காட்டு காப்பித் தோட்டத்துப் பையன் சேலத்தில் ராக் பேண்டு தொடங்குகிறான். 'ராக்ஸ்டார்' என்ற பெயர் சரியா வருமாங்க?

பதில்: வேண்டாம் தம்பி. தேடினால் ரகுமான் இசையமைத்த 2011 இந்திப் படம்தான் முதலில் வரும். பிரபலமான பாட்டு வரியை எடுத்தாலும் இதே கதி. அவன் கையில் இருக்கும் பொருளில் தேடுங்க. கிட்டாரில் ஆறாவது தந்திதான் தடிமன், மேலே உலோகக் கம்பி சுற்றியிருக்கும். அதன் சுரத்தை ஈ-யிலிருந்து (E) டி-க்கு (D) இறக்கினால், தடித்த மூன்று தந்திகளையும் ஒரே விரலால் அழுத்தி, ராக்கில் வரும் கனமான சுரக்கூட்டான 'பவர் கார்டு' வாசிக்கலாம். கனத்த ராக் ஒலி பிறக்கும் இடம் அது. 'ஆறாம் தந்தி' என்று வையுங்க.

பதில்: அருமையான பெயர் அண்ணே. ஆனால் 'தந்தி' என்றதும் நம்ம ஊரில் பேப்பர்தான் ஞாபகம் வரும். போஸ்டரில் கிட்டார் தலைப்பகுதி கட்டாயம் வேண்டும். முள்முள்ளான ராக் எழுத்துருவில் 'ம்', 'ந்' புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிவிடும். சேலம் அஞ்சு ரோட்டில் பஸ்ஸில் போகிறவருக்குப் படிக்க வராது. ஏ4 தாளில் அச்சிட்டு, 20 அடி தள்ளி நின்று பாருங்க.

பதில்: தலைப்புக்கு மட்டும் பதிப்புரிமை கிடையாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிப்புரிமை காக்காது என்பதால், தயாரிப்பாளர் சங்கம், கில்டு (இன்னொரு தயாரிப்பாளர் அமைப்பு), திரைப்பட வர்த்தக சபை மூன்றிலும் விசாரித்துப் பதிந்த பிறகே போஸ்டர் அடிங்க.