ஆல்ஃபா சைனூக்ளியின் ட்யூபோடு பட்ட பாடு: நான்கு புனைபெயர்களில் ஓர் உரையாடல்

உறைமோர்:
மைனஸ் 80 ஃப்ரீசரிலிருந்து எடுத்த ட்யூபின் அடியில் பொடி இருக்கிறதா இல்லையா என்றே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துதான் தெரிந்துகொண்டேன். லேபிளில் 1 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்த மனித ஆல்ஃபா சைனூக்ளியின் என்ற புரதம். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் லூயி பாடி என்ற கட்டிகளாகத் திரண்டு கிடப்பது இதுதான். நல்ல நியூரானில், அடுத்த நியூரானோடு சந்திக்கும் சினாப்ஸ் முனையில், வெசிக்கிள் என்ற நுண்பைகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். 140 அமினோ அமிலம், தனியாகக் கரைசலில் விட்டால் நிலையான மடிப்பு, அதாவது வடிவம், எதுவும் கிடையாது.

என் வேலை இதை 37 டிகிரியில் ஆட்டிக்கொண்டே தயோஃப்ளேவின் டி என்ற சாயத்தின் ஒளிர்வைப் பார்ப்பது. புரதம் திரண்டு நார் உண்டானால் ஒளிர்வு ஏறும். சுத்தமான மோனோமர் (ஒன்றோடொன்று சேராத தனி மூலக்கூறு) என்றால் முதலில் பல மணி நேரம் கோடு படுத்தே கிடக்க வேண்டும். எனக்கு பிளேட்டின் ஆறு வெல்லில் (சிறு குழியில்) மூன்று, முதல் ஒரு மணி நேரத்திலேயே ஏறிவிட்டன. ஒன்று மூன்றாம் நாள் வரை அசையவே இல்லை. எல்லாம் ஒரே ட்யூப், ஒரே பஃபர், ஒரே பிளேட். "உன் கை சரியில்லம்மா" என்றார் சீனியர். மூன்று வாரம் பைப்பெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து லேப் அண்ணன்தான் கேட்டார்: "கரைச்சதும் சுத்துனியா?" இல்லை. பொடியைக் கரைக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத சிறு திரட்டுகள் இருந்திருக்கின்றன. பாலில் ஒரு துளி உறை விழுந்த கதைதான். எந்த வெல்லில் துளி விழுந்ததோ அது முதலில் தோய்ந்துவிட்டது. அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் என்ற அதிவேகச் சுழற்றியில் 1,00,000 ஜி-யில் ஒரு மணி நேரம் சுற்றி, மேல் திரவத்தை மட்டும் எடுத்தேன். ஆறு கோடும் கூடப் பிறந்தவை மாதிரி வந்தன.

இன்னொரு அசட்டுத்தனமும் சொல்லிவிடுகிறேன். புற ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும் அமினோ அமிலங்களில், இதில் டிரிப்டோஃபான் ஒன்றுகூட இல்லை, டைரோசின் நான்குதான். 1 மி.கி./மி.லி. இருந்தாலும் 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.41தான் காட்டும். நான் பிஎஸ்ஏ என்ற வழக்கமான ஒப்பீட்டுப் புரதத்தின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, புரதம் குறைவு என்று நினைத்து ஒவ்வொரு வெல்லிலும் அதிகமாகவே ஊற்றியிருக்கிறேன்.

கொதிகலன்:
நாங்கள் காசு மிச்சம் பிடிக்க நாங்களே தயாரிக்கிறோம். பார்க்கவே வேடிக்கை. உடைத்த பாக்டீரியாச் சாற்றை அப்படியே கொதிக்க வைத்தால் மற்ற புரதங்கள் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டு அடியில் போகும். சைனூக்ளியின் தெளிந்த நீரிலேயே நிற்கும். மடிப்பே இல்லாததற்கு குலைய என்ன இருக்கிறது? அப்புறம் மின்னேற்றத்தை வைத்துப் புரதங்களைப் பிரிக்கும் அயனி மாற்றக் குழாய், அதில் ஏறக்குறைய 300 மில்லிமோலார் உப்பில் வெளியே வரும். எடை 14.5 கிலோடால்டன்தான், புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் 17, 18 பக்கம் நிற்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

நான் பதறியது வேறு விஷயத்துக்கு. டிடிடி (டைசல்ஃபைட் பிணைப்பை உடைக்கும் பொருள்) போடாத ஜெல்லில் இரட்டை எடையில் மங்கலாக இன்னொரு பட்டை. இரண்டு சிஸ்டைன்கள் சேர்ந்த டைசல்ஃபைட் பிணைப்பு என்று வைத்துக்கொண்டால், இந்தப் புரதத்தில் சிஸ்டைனே கிடையாதே! தேடிப் பார்த்தால் 2006-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: 136-ஆவது இடத்து டைரோசினுக்கான டிஏசி கோடானை (மூன்றெழுத்து மரபுக் குறியை) ஈ. கோலை சில நேரம் தவறாக வாசித்து சிஸ்டைனைச் செருகிவிடும். அதை டைரோசினுக்கே உரிய இன்னொரு கோடானான டிஏடி ஆக்கியதும் பட்டை போயே போச்சு. வாங்குகிறவர்களும் எந்தக் கோடான் என்று கேட்டு வாங்குங்கள்.

மைக்ரோக்லியா:
கொதிக்க வைப்பதில் ஒரு கெடுதல். எண்டோடாக்சின் என்ற பாக்டீரியாச் சுவர் நச்சு அதில் சாகாது. எங்கள் மைக்ரோக்லியா செல்களில் (மூளையின் எதிர்ப்பு செல்கள்) டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற வீக்க சமிக்ஞை எக்கச்சக்கமாக ஏறியது. புரதம்தான் வீக்கத்தைத் தூண்டுகிறது என்று குரூப் மீட்டிங்கில் கைதட்டல் வேறு. எண்டோடாக்சினைக் கட்டிப்போடும் பாலிமிக்சின் சேர்த்துத் திரும்பப் பார்த்தால் பாதிக்கு மேல் காணோம். பாக்டீரியாச் சுவரின் மிச்சம்தான் அத்தனை ஆட்டமும் ஆடியிருக்கிறது. எண்டோடாக்சின் அளவு எழுதாத ட்யூபை இப்போது செல் பக்கமே விடுவதில்லை.

நாலாவது மாடி:
நார் வைத்து வேலை செய்பவர்கள் ஷேக்கரைத் துடைக்க எத்தனாலை நம்பாதீர்கள். அது நாரைக் கலைக்காது. 1 சதவீத எஸ்டிஎஸ் என்ற சோப்புக் கரைசல் போடுங்கள். எங்கள் ஷேக்கரைக் கடன் வாங்கிய தோழியின் மோனோமர் ஒரே இரவில் நாராகிவிட்டது. அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அப்புறம், தயாரான நாரை ஐஸிலோ 4 டிகிரியிலோ வைக்கக் கூடாது, குளிரில் கலைந்துபோகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் அறை வெப்பத்திலேயே வைத்து, சோனிகேட் செய்து (மீயொலியால் துண்டாக்கி), அன்றைக்கே நியூரானில் போட்டுவிடுங்கள்.

உறைமோர்:
4 டிகிரியிலா? எங்கள் நார் பெட்டி போன வாரத்திலிருந்து ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. இருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.