பெனடிக்டைன் மடத்து வயலை உழுதது யார்?

ஏர்முனை (கேள்வி):
கிராமப்புற பெனடிக்டைன் கிறிஸ்தவத் துறவி மடங்களைப் பற்றி எதைப் படித்தாலும் 'செபமும் உழைப்பும்' என்ற வரி வந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை கோவிலில் நிற்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் 150 திருப்பாடல்களையும் பாடி முடிக்க வேண்டும். இதற்கிடையில் எப்போது உழுவது, எப்போது அறுப்பது? துறவிகள்தான் நிலத்தில் இறங்கினார்களா?

சுவடிக்கட்டு:
முதலில் அந்த வரி. லத்தீனில் 'ஓரா எத் லபோரா' என்பார்கள். இந்த மரபைத் தொடங்கிய 6ஆம் நூற்றாண்டுத் துறவி பெனடிக்ட் மடங்களுக்கு எழுதிய ஒழுங்குநூலில் அது எங்கும் இல்லை, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. நூலின் 73 அதிகாரங்களில் உழைப்பைப் பேசுவது 48ஆம் அதிகாரம். அங்கே வேலையோடு வாசிப்பும் சரிக்குச் சரியாக வருகிறது.

பாஸ்கா (ஈஸ்டர்) முதல் அக்டோபர் 1 வரை: காலை முதல் மணிச் செபம் முடிந்ததும் நான்காம் மணிவரை வேலை. ஆறாம் மணிவரை வாசிப்பு. உச்சிவேளைச் செபம், சாப்பாடு, பிறகு கட்டிலில் ஓய்வு. ஒன்பதாம் மணிச் செபத்தைச் சற்று முன்னுக்கு இழுத்து எட்டாம் மணியின் நடுவிலேயே முடித்துவிட்டு, மாலைச் செபம் வரை மறுபடி வேலை. குளிர்காலத்தில் வரிசை மாறும்: இரண்டாம் மணி முடியும்வரை வாசிப்பு, அதன்பின் ஒன்பதாம் மணிவரை வேலை.

பலர் தடுக்கி விழும் இடம் இந்த 'மணி'தான். இது கடிகார மணி அல்ல. சூரியன் எழுந்து விழும்வரை உள்ள நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இத்தாலியில் பெனடிக்டின் மடம் இருந்த மொந்தே கசீனோவில் நடுக்கோடையில் அது சுமார் 75 நிமிடம், நடுக்குளிரில் 45 நிமிடம். அதனால் கோடையில் வேலை நேரம் தானாகவே நீண்டு ஆறேழு மணி நேரமாகிவிடும். உங்கள் கணக்கு இடித்தது இதனால்தான். அதே அட்டவணையை இங்கிலாந்தின் வடக்குக்குக் கொண்டுபோனால் குளிர்காலப் பகலே ஏழு மணி நேரம்தான், எல்லாம் நெருக்கியடிக்கும்.

அறுவடைக்கும் அதே அதிகாரத்தில் பதில் உண்டு. இடத்தின் தேவையாலோ வறுமையாலோ விளைச்சலைத் தாங்களே சேர்க்க நேர்ந்தால் துறவிகள் வருந்தக் கூடாது என்கிறார் பெனடிக்ட். 'நேர்ந்தால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வழக்கமாக அறுத்தது வேறு ஆட்கள். வேலையிடம் கோவிலுக்குத் தூரமாக இருந்தால் அங்கேயே முழங்காலிட்டுச் செபிக்கலாம் என்பது 50ஆம் அதிகாரம்.

குத்தகைக்கணக்கு:
மேலே சொன்னதன் தொடர்ச்சி. மன்னர்களும் பிரபுக்களும் மடத்துக்கு நிலம் கொடுத்தபோது அதில் கட்டுண்டிருந்த குடிகளையும் சேர்த்தே கொடுத்தார்கள். உழுதவர்கள் அவர்கள்தான். மடத்துக்கு வந்தது விளைச்சல் பங்கு, குத்தகை, பத்திலொரு பங்கு, கட்டாய வேலைநாட்கள். 910இல் தொடங்கிய பிரான்சின் குளுனி மடத்தில் வழிபாடு நீண்டுகொண்டே போய், கைவேலை பெயரளவுக்கு வந்துவிட்டது. 1098இல் சீத்தோ என்ற இடத்துக்குப் பிரிந்து போன சிஸ்டர்சியன்கள் ஒழுங்குநூலை எழுத்துப்படி காக்கப் போனவர்கள். அவர்களும் பெரிய பண்ணைகளை நடத்தப் கோவிலில் செபம் பாடும் துறவிகளின் வரிசையில் சேராத உழைப்புச் சகோதரர்களைத்தான் நம்பினார்கள்.

நிர்வாகம் உக்கிராணப் பொறுப்பாளர் கையில். மடத்துச் சாமான்களைப் பீடத்துப் பாத்திரங்களைப் போல அவர் பேண வேண்டும் (அதிகாரம் 31). கருவிகளை யாரிடம் கொடுத்தார், திரும்ப வந்ததா என்ற பட்டியல் மடாதிபதியிடம் இருக்கும் (அதிகாரம் 32). ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் ரொட்டி, இரண்டு சமைத்த பண்டம், ஒரு ஹெமினா திராட்சை மது. ரோமானிய அளவில் அது சுமார் கால் லிட்டர். வேலை கடுமையானால் மடாதிபதி கூட்டிக் கொடுக்கலாம்.

கெட்டது எங்கே? பிற்காலத்தில் சமையலறை, மருத்துவ அறை, கோவில், தர்மம் என ஒவ்வொரு பொறுப்புக்கும் தனித்தனி நிலமும் தனிக் கணக்கும் பிரித்தார்கள். ஒரு பெட்டியில் மிச்சம், இன்னொன்றில் கடன். மொத்த நிலை யாருக்கும் தெரியாது. 1348-49 கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் கிடைக்காமல் சொந்தச் சாகுபடி நிலத்தையும் குத்தகைக்கு விட்டார்கள். பிரான்சில் அரசர் போப்புடன் செய்த 1516 உடன்படிக்கைக்குப் பிறகு மடாதிபதியை அரசரே நியமித்தார். மடத்தில் கால் வைக்காதவர்கள்கூட வருமானத்தில் பங்கு வாங்கினார்கள். கூரையை யார் பழுது பார்ப்பார்?

ஏர்முனை:
அப்படியானால் மடத்தின் மதிலுக்குள் என்னதான் நடந்தது?

சுவடிக்கட்டு:
தண்ணீர், மாவு ஆலை, தோட்டம், கைத்தொழில்கள் எல்லாம் உள்ளேயே இருக்க வேண்டும், துறவிகள் வெளியே அலையக் கூடாது என்கிறது 66ஆம் அதிகாரம். 9ஆம் நூற்றாண்டில் தோலில் வரைந்த சாங்க்ட் காலன் (சுவிட்சர்லாந்து) மட வரைபடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: அடுமனை, மூன்று மதுவடிப்பகம், ஆடு, பன்றி, குதிரைக் கொட்டில்கள், கோழிக்கும் பெருவாத்துக்கும் தனி வீடு. மருத்துவ அறை அருகே 16 பாத்திகளில் மூலிகை, 18 பாத்திகளில் காய்கறி. கல்லறைத் தோட்டத்திலேயே பழமரங்கள்! வரைந்தபடி அது கட்டப்படவில்லை. முதுகுப்பக்கத்தில் புனித மார்ட்டின் வரலாற்றை எழுதியதால் அந்த வரைபடத் தோல் அழியாமல் தப்பியது.

தேனடை:
நிலம் போன பிறகு நடந்ததற்கு ஓர் உதாரணம், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள பக்ஃபாஸ்ட். 1018இல் பெனடிக்டைன் மடமாகத் தொடங்கி, இடையில் சிஸ்டர்சியன் மடமாகி, 1539இல் எட்டாம் ஹென்றி மூடினார். மூடிய மடங்களில் கூரை ஈயத்தை உருக்கி எடுப்பது வழக்கம். ஈயம் போனால் மழை சுவரைத் தின்றுவிடும். 1882இல் பிரெஞ்சு பெனடிக்டைன்கள் திரும்பி வந்து, ஒரு சிறு குழுவாகவே 1907 முதல் 1938 வரை கோவிலைக் கட்டினார்கள். இங்கே துறவிகளே கல் சுமந்தார்கள்.

தேனீ வளர்ப்பும் அங்கே கைவேலைதான். மூச்சுக்குழல் உண்ணி நோயில் 1916க்குள் 46 கூட்டங்களில் 30 அழிந்தன. தப்பியவை பெரும்பாலும் இத்தாலிய ராணி வழி வந்தவை. அவற்றிலிருந்துதான் சகோதரர் ஆடம் 'பக்ஃபாஸ்ட் தேனீ'யை வளர்த்தெடுத்தார். கலப்பினத்தைத் தரமாகக் காக்க, வேறு ஆண் தேனீ எட்டாத டார்ட்மூர் பொட்டல்வெளியில் இணைசேர்ப்பு நிலையம் வைத்தார். அந்தத் தனிமை இல்லாவிட்டால் அக்கம்பக்கத்து ஆண் தேனீக்கள் கலந்து, சில தலைமுறையில் பழைய குணம் திரும்பிவிடும்.