கிரனாடாவின் எல் பன்யுவேலோ: ஊர் மக்கள் குளித்த கூடம்

ஸ்பெயினின் கிரனாடாவுக்குச் செல்பவர்களில் பலர் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்த நிறைவோடு திரும்பிவிடுகிறார்கள். அரண்மனைக் குன்றின் அடியில், தார்ரோ ஆற்றையொட்டிச் செல்லும் குறுகிய சாலையில் உள்ள எல் பன்யுவேலோ என்ற பழைய பொதுக் குளியல்கூடத்தையும் அவர்கள் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அல்ஹம்ப்ராவின் குளியலறைகள் சுல்தான்களுக்கு உரியவை. இதுவோ அல்பாய்சின் பகுதி மக்கள் புழங்கிய இடம். இது 11ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்பது நெடுநாள் கருத்து. 12ஆம் நூற்றாண்டு என்போரும் உண்டு.

வெளியே சாதாரண வீட்டு வாசல்தான் தெரிகிறது. உள்ளே குளிர்ந்த அறை, இளஞ்சூட்டு அறை, வெப்ப அறை என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நடுவிலுள்ள இளஞ்சூட்டு அறையே பெரியது. மக்கள் நெடுநேரம் அமர்ந்து உரையாடியது அங்கேதான். அதன் வளைவுகளைத் தாங்கும் தூண்களின் அருகே நின்று பார்த்தபோது, தூணின் உச்சியில் அமையும் கல்லான போதிகைகளில் ஒன்று மற்றொன்றைப் போல இல்லாதது கண்ணில் பட்டது. ரோமானியர், அவர்களுக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான விசிகோத்தியர், கோர்தோபா நகரிலிருந்து ஆண்ட முஸ்லிம் கலீபாக்கள் ஆகியோர் காலக் கட்டடங்களிலிருந்து எடுத்துவந்த கற்களை இங்கே பொருத்தியிருக்கிறார்கள். அந்த வேறுபாட்டை மறைக்க முயலாமல் விட்டிருப்பதே எனக்கு மிகவும் பிடித்தது. விதானத்தில் எண்கோணமாகவும் நட்சத்திர வடிவிலும் துளைகள் உள்ளன. அவற்றின் வழியே விழும் வெளிச்சம் தரையில் அதே வடிவில் படிகிறது. வெப்ப அறைக்குப் பின்னால் எரிந்த அடுப்பின் சூடான காற்று தரைக்கு அடியில் ஓடி அறையைச் சூடாக்கியது.

முஸ்லிம் ஆட்சியில் இருந்த நகரம் 1492இல் கிறித்தவ அரசர்களிடம் வீழ்ந்தது. பின்னர் 1567ஆம் ஆண்டு ஆணை, மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோக்களுக்கு அரபு மொழியையும் மரபு உடையையும் தடைசெய்ததோடு, இத்தகைய குளியல்கூடங்களுக்கும் தடை விதித்தது. ஒரு சமூகத்தின் அன்றாடத் தூய்மையையே குற்றமாக்கிய அந்த ஆணையை நினைக்கும்போது மனம் கனக்கிறது. இந்தக் கூடம் பிழைத்ததற்கு இதன்மேல் வீடு எழும்பியதும், துணி துவைக்கும் இடமாக இது பயன்பட்டதும் காரணங்கள். 1918இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் கட்டடக் கலைஞர் லியோபோல்தோ தோர்ரெஸ் பால்பாஸ் இதைச் சீரமைத்தார்.

இப்போது உள்ளே நீரோ நீராவியோ இல்லை. குளிக்க விரும்புவோர் நகரிலுள்ள புதிய ஹம்மாம்களை, அதாவது இதே மரபிலான நீராவிக் குளியல்கூடங்களை, நாடலாம். வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் செல்லுங்கள். விதானத் துளைகளின் அழகு அப்போதுதான் முழுமையாகப் புலப்படும்.