ஒரே டென்ஷன், மூன்று வயது: இதயத்துக்கு யாருக்கு என்ன ஆபத்து?

கேள்வி | கோவை_செந்தில்
தம்பிக்கு 36 வயது, நைட் ஷிப்ட், வாரம் 60 மணி நேர வேலை, சிகரெட் உண்டு. அக்காவுக்கு 44, வேலையோடு மாமியாரையும் படுக்கையில் வைத்துப் பார்க்கிறார். அம்மாவுக்கு 66, அப்பா போய் 2 மாதம் ஆகிறது. அக்காவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஈசிஜி நார்மல், "கேஸ்தான்" என்கிறார்கள். மூவரும் ஒரே டெஸ்ட் எடுத்தால் போதுமா?

மறுமொழி | இதயநலம்_டாக்டர்
போதாது. முதலில் அக்காவைப் பாருங்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி நார்மல் என்பதை வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. மன அழுத்தத்தில் ஆண்களுக்குப் பெரும்பாலும் பிபியும் நாடித்துடிப்பும் ஏறி இதயத்தின் வேலை கூடுகிறது. பெண்களுக்கோ நுண்ணிய ரத்தக்குழாய்களே சுருங்கிக்கொள்கின்றன. பெரிய குழாயில் அடைப்பே இருக்காது, ஆஞ்சியோவும் (ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்கும் படம்) சுத்தமாக வரலாம், ஆனால் இதயத் தசைக்கு ரத்தம் போதாது. மாரடைப்பு வந்த நடுவயதினரை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, மன அழுத்தத்தால் இதயத் தசைக்கு வரும் இந்த ரத்தக்குறை ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது.

ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்), ஹெச்பிஏ1சி (மூன்று மாத சர்க்கரைச் சராசரி), கொழுப்பு, எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். ரத்தசோகையும் தைராய்டும் இதே மூச்சுவாங்கலைத் தரும். கர்ப்ப காலத்தில் பிபியோ சர்க்கரையோ இருந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். யாரும் கேட்காமல் விடும் விஷயம் இது, பின்னாளில் இதய நோய் வாய்ப்பைக் கூட்டும். தாடை, முதுகு வலி, குமட்டல், குளிர்ந்த வியர்வை என்று வந்தால் சோடா குடித்துக் காத்திருக்காமல் உடனே 108.

மறுமொழி | வார்டு_சிஸ்டர்
அம்மாவைப் பற்றி ஒன்று. துக்கத்தில் வரும் டகோட்சுபோ என்ற இதயப் பாதிப்பு, 1990-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டது. பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். அட்ரினலின் வெள்ளமாகப் பாய்ந்து இதயத்தின் இடது கீழறையின் நுனி வேலை செய்யாமல் உப்பிவிடும். நெஞ்சுவலி, ஈசிஜி மாற்றம், ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) ஏற்றம் எல்லாம் அசல் மாரடைப்பு போலவே இருக்கும். வீட்டில் பிரித்தறிய வழியே இல்லை. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனாலும் முதல் சில நாள் ஆஸ்பத்திரி கண்காணிப்பு அவசியம். "அழுது அழுது நெஞ்சு வலிக்குது" என்று சொன்னால் ஆறுதல் சொல்லி உட்கார வைக்காதீர்கள், கூட்டிப் போங்கள். தூக்கமும் பசியும் 2 வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

மறுமொழி | இதயநலம்_டாக்டர்
தம்பிக்கு: வாரம் 55 மணிக்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35–40 மணி உழைப்பவர்களைவிட இதய நோய் மரண வாய்ப்பு 17%, பக்கவாத வாய்ப்பு 35% கூடுதல் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐஎல்ஓவும் (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) கணக்கிட்டன. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சுமார் 6 வருடம் முந்தியே வருகிறது. வேலை நேரம் அவர் கையில் இல்லாமல் இருக்கலாம், சிகரெட் அவர் கையில்தான் இருக்கிறது. முதலில் அதை விடட்டும்.

மூவரும் வீட்டில் பிபி பாருங்கள். 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்த்து, பாதம் தரையில் வைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கி, 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையும் மாலையும் 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85 தொட்டால் டாக்டரிடம் போங்கள். கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் பிபி கூடுதலாகக் காட்டும்.

கோவை_செந்தில்
நன்றி டாக்டர். நைட் ஷிப்ட்காரருக்குக் "காலை" எது?

இதயநலம்_டாக்டர்
தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால். மாலை அளவுக்குப் பதில் படுக்கப் போகும் முன். பக்கத்தில் ஷிப்ட் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த அளவுகளை வைத்து டாக்டரால் ஒன்றும் சொல்ல முடியாது.